நாளைக்குப் பிறந்த குதிரை

ஏப்ரல் 2, 2019, செவ்வாய்

வெண்சோலை டர்பியின் வரலாற்றை எழுதும் பொறுப்பைக் கிருபாகரன் இன்று என் மேசையில் வைத்தான். உண்மையாகவே வைத்தான். மூன்று பழைய பதிவேடுகள், மேலே ஒரு வாழைக்காய் பஜ்ஜிப் பொட்டலம்.

“நூறாவது டர்பிடா சிகா. ஜூன் ஒண்ணாந் தேதி ரேஸ் அன்னைக்கு மலர் வெளியிடணும். உன்னை விட்டா வேற யாரு எழுதுவா?”

‘உன்னை விட்டால் வேறு யார்’ என்ற வாக்கியத்தை நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். வேறு யாரும் செய்ய விரும்பாத வேலைகளுக்கு மட்டுமே அது என்னைத் தேடி வரும்.

கிருபாகரன் இந்த மலையூரின் பந்தயக் கழகத்துக்குத் தலைவன். தெய்வசிகாமணி, எம்.ஏ., எம்.ஃபில்., ஆகிய நான் அதே கழகத்தின் ஆவணக் காப்பாளன். ஒன்றாம் வகுப்பில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. 1970 ஜூலையில் அவன் என் சிலேட்டுக் குச்சியை உடைத்தான். இன்றுவரை வருத்தம் தெரிவிக்கவில்லை.

பஜ்ஜி நன்றாக இருந்தது. நேர்மைக்காக இதையும் பதிவு செய்கிறேன்.

ஏப்ரல் 3

கேஸ் சிலிண்டர் வரவில்லை. இன்றோடு மூன்று நாள்.

ஏப்ரல் 8

பதிவேடுகளைப் படித்து முடித்தேன். டர்பி மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமான பந்தயம். இரண்டு வயதில் சேர்க்க மாட்டார்கள், நான்கு வயதில் விரட்டிவிடுவார்கள். ஒரு குதிரைக்கு வாழ்நாளில் ஒரே ஒரு டர்பி.

இங்கே 1911இல் தோட்டத் துரைமார்கள் தொடங்கியிருக்கிறார்கள். முதல் டர்பியில் ஏழு குதிரைகள். அவற்றில் ஒன்று வேலியைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்துக்குள் போய்விட்டது. மறுநாள்தான் பிடித்தார்கள். அதற்கும் ஏழாவது இடம் கொடுத்திருக்கிறார்கள். துரைமார்களிடம் இந்த ஒழுங்கு இருந்தது. இரண்டு உலகப் போர்களும் ஒரு பெருவெள்ளமும் சேர்ந்து ஒன்பது ஆண்டுகளை விழுங்கிவிட்டதால் இந்த ஆண்டு ஓடுவது நூறாவது.

ஒரு விதி என்னை நிறுத்தியது. பந்தயக் குதிரை எந்த மாதத்தில் பிறந்தாலும் ஜனவரி ஒன்றாம் தேதி அதற்கு ஒரு வயது கூடிவிடும். எல்லாக் குதிரைகளுக்கும் ஒரே பிறந்தநாள்.

இதில் வியக்க ஒன்றுமில்லை. எங்கள் ஒன்றாம் வகுப்பில் நாற்பத்தொரு பேர். அவர்களில் முப்பத்துமூன்று பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். பள்ளி திறக்கும் நாளில் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும், எனவே முடித்துவைத்தார்கள். ஆஸ்பத்திரிச் சான்றிதழோடு உண்மையான தேதியில் பிறந்த சிலரில் கிருபாகரனும் ஒருவன்.

நான் பிறந்தது 1965 ஆகஸ்ட் 12. அப்பா ஜூன் 1 என்று எழுதிக் கொடுத்தார். 2000ஆம் ஆண்டு விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்தேன். ஜூலை முதல் தேதியன்று முப்பத்தைந்து முடிந்திருக்கக் கூடாது என்பது விதி. சான்றிதழ்படி எனக்கு முடிந்து முப்பது நாள் ஆகியிருந்தது. நேரில் போய் வாதாடினேன். “சர்டிபிகேட் என்ன சொல்லுதோ அதுதான் சார் உங்க வயசு” என்றார் அங்கிருந்த குமாஸ்தா. அந்த வேலையை நம்பி நிச்சயிக்கப்பட்டிருந்த இன்னொன்றும் நின்றுபோனது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

அப்பா அதற்கு நான்கு வருடம் முன்பே காலமாகிவிட்டார். சண்டை போடக்கூட ஆள் இல்லை.

ஏப்ரல் 11

1974ஆம் ஆண்டு டர்பியைப் பற்றி விசாரிக்கச் சவரிமுத்துவின் வீட்டுக்குப் போனேன். பந்தய மைதானத்தின் பின்புறம், லாயங்களை ஒட்டிய வீடு. வயது எழுபத்துநான்கு. சென்னையிலிருந்து ஜாக்கியாக மலையேறி வந்தவர், இறங்கவேயில்லை. அந்த ஆண்டு ‘கேப்டன் குட்டி’ என்ற குதிரையில் ஏறி ஒரு மூக்கு அளவில் தோற்றார். ஜெயித்தது ‘மேகராணி’. கிருபாகரனின் தந்தையுடைய குதிரை.

“வா வாத்தியாரே, குந்து. நம்ம பேரு வருமா புக்குல?”

ஜெயித்தவர்களின் பெயர் மட்டும்தான் என்றேன். கழகத்தின் கூடத்தில் தொங்கும் தேக்குப் பலகையிலும் அப்படித்தான். குதிரை, உரிமையாளர், பயிற்சியாளர், ஜாக்கி எல்லாம் தங்க எழுத்தில். இரண்டாவதாக வந்தவர்களுக்கு அதில் இடமில்லை.

“ஒரு மூக்கு வாத்தியாரே! கேப்டனுக்கு மூக்கு கொஞ்சம் சப்பை. அவ்ளோதான் மேட்டரு. அப்போ போட்டோவா கீட்டோவா? அம்பயர் கண்ணுதான்.”

“அது தும்மியிருந்தாக்கூட ஜெயிச்சிருக்கும்” என்றார் மகள் பிலோமினா, தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமல். ஜாக்கிகள் அணியும் வண்ணச் சட்டைகளைத் தைப்பவர் இவர். “எனக்கு அப்போ மூணு வயசு சார். டர்பிக்குத் தகுதிதான். யாரும் கூப்பிடலை.”

இந்த அம்மாள் தேவைக்கு அதிகமாகப் பேசுகிறார். என் சட்டையில் மூன்றாவது பொத்தான் தொங்குவதையும் சுட்டிக்காட்டினார், கேட்காமலே. காபி சுமாருக்கு மேல்.

கிளம்பும்போது சவரிமுத்து வாசல்வரை வந்தார். “பழைய பேப்பருலாம் தோண்டறியே வாத்தியாரே. எங்கனா ஏதாச்சும் கிடைச்சா… நான்தான் ஜெயிச்சேன்னு எதுனா கிடைச்சா… சொல்லு” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

ஏப்ரல் 12

1974 பற்றி ஓர் ஐயம். நாளை மீண்டும் போக வேண்டும்.

ஏப்ரல் 13

போனேன். ஐயம் தீரவில்லை. பொத்தான் தைக்கப்பட்டது.

ஏப்ரல் 16

வேறோர் ஐயம்.

ஏப்ரல் 20

சிலிண்டர் வந்தது.

பழைய பந்தயப் புத்தகங்கள் இருக்குமென்று அப்பாவின் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அவர் போனபின் இதுதான் முதல் தடவை. பூட்டு திறக்கவில்லை, கீல்தான் உடைந்தது. அப்பா கிருபாகரனின் தந்தை நடத்திய குதிரைப் பண்ணையில் எழுத்தர். குட்டிகளின் பிறப்பை ஏட்டில் எழுதுவது அவர் வேலை. சட்டைப் பைக்குள் எப்போதும் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார். வருடத்துக்கு ஒன்றாக எல்லாம் பெட்டிக்குள் இருந்தன.

1970ஆம் ஆண்டு நோட்டில், டிசம்பர் 31:

‘மாலை 4.10. கறுப்பிக்குப் பெட்டைக் குட்டி. பத்து நாள் முந்திவிட்டது. விடிந்தால் இதற்கு வயது ஒன்று. நாளைக்குப் பிறந்ததாக இருக்கட்டும்.’

கறுப்பி என்பது லாயத்தில் கூப்பிடும் பெயர். கழகப் பதிவேட்டில் அந்தக் குதிரைக்கு பிளாக் பேர்ல். அதன் குட்டி மேகராணி, பிறந்த தேதி 1.1.1971.

மூன்று முறை கணக்குப் போட்டேன். டிசம்பர் 31 பிறந்த குட்டிக்கு மறுநாளே ஒரு வயது ஆகிவிடும். அப்படியானால் 1974இல் அதற்கு மூன்று வயதல்ல, நான்கு. மேகராணி டர்பியில் ஓடியிருக்கவே கூடாது. ஜெயித்தது கேப்டன் குட்டி. ஜெயித்தவர் சவரிமுத்து.

போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். குளிர்தான்.

ஏப்ரல் 21

கட்டுரையின் தலைப்பு: ‘ஒரு மோசடியின் வரலாறு’. முதல் பத்தியை நான்கு விதமாக எழுதினேன். நான்கும் சிறப்பாக வந்திருக்கின்றன. மலர் வெளியீட்டு மேடையில், மாலையும் கழுத்துமாக இதைப் படிக்கும் கிருபாகரனின் முகத்தை நினைத்தபடி இட்லி சாப்பிட்டேன். ஐந்து. வழக்கமாக மூன்று.

ஏப்ரல் 24

ஆதாரம் முழுமையாக இருக்க வேண்டுமென்று 1971ஆம் ஆண்டு நோட்டையும் எடுத்தேன். ஜனவரி 1:

‘பண்ணை ஏட்டில் இன்று பிறந்ததாக எழுதினேன். முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் குட்டி பந்தயத்துக்கு உதவாது என்று ஜட்கா வண்டிக்குக் கொடுத்துவிடுவார். நெற்றியில் வெள்ளை. நன்றாகப் பால் குடிக்கிறது.’

ஆக, கிருபாகரனின் தந்தைக்கு ஒன்றும் தெரியாது. மோசடி செய்தவர் ஒருவர்தான். அவர் கையெழுத்தைத்தான் நான் கையில் வைத்திருக்கிறேன்.

தலைப்பை மாற்ற வேண்டும்.

யாருடைய குதிரைக்கோ ஒரு நாளைத் தானமாகக் கொடுத்தவர், பெற்ற மகனிடமிருந்து எழுபத்திரண்டு நாளைப் பிடுங்கிக்கொண்டார். இதை எந்த வரலாற்றில் எழுதுவது?

ஏப்ரல் 25

1970 நோட்டில், நான் பள்ளியில் சேர்ந்த ஜூன் மாதப் பக்கத்தையும் பார்த்தேன். ஈரம் பட்டு மை கலைந்திருக்கிறது. படிக்க முடியவில்லை.

மே 3

பிலோமினா தைத்த சட்டைகளைக் கொடுக்கக் கழகத்துக்கு வந்தார். என் அறை வாசலில் நின்றார்.

“ஐயமெல்லாம் தீர்ந்துபோச்சா சார்? பத்து நாளா ஆளைக் காணோம். அப்பா தினமும் ரெண்டு காபி போடச் சொல்றார். ஒண்ணு ஆறிப்போகுது.”

வேலை அதிகம் என்றேன்.

“முகத்தைப் பார்த்தா வேலை மாதிரி இல்லையே. பல்லுவலி மாதிரி இருக்கு.”

பல்லுவலிதான் என்றேன். அடுத்த நிமிடம் பையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். எதற்குக் கைப்பையில் கிராம்பு வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை. மென்றேன். பல்லுக்கு ஒன்றுமில்லையென்பதால் பயனும் தெரியவில்லை.

மே 4

இரண்டு நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனேன்.

சவரிமுத்து கண்ணாடி போட்டுக்கொண்டு தானே படித்தார். பிறகு மகளைப் படிக்கச் சொன்னார். பிறகு என்னை. மூன்று பேர் வாயிலும் அது ஒன்றாகத்தான் இருந்தது. எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். அங்கிருந்து மைதானத்தின் கடைசி வளைவு தெரியும்.

“அப்போ நான் ஜெயிச்சேன்” என்றார். யாரிடமும் சொல்லவில்லை. மெஷினின் சத்தம் நின்றிருந்தது.

பிறகு ஜன்னலிலிருந்து திரும்பி, “இந்த எழுத்து யாருது வாத்தியாரே?”

“என் அப்பா.”

“இத்தப் போட்டா அவுரு பேரு இன்னா ஆவும்?”

அது வரலாற்றுக்குத் தொடர்பில்லாத கேள்வி என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிலோமினா காபியை என் கையில் கொடுத்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னார், குழந்தையிடம் சொல்வதுபோல.

மே 5

ஞாயிறு. பூசை முடிந்ததும் சவரிமுத்து கோலை ஊன்றிக்கொண்டு மேடேறிக் கழகத்துக்கே வந்துவிட்டார். நல்ல வேட்டி, வெள்ளைச் சட்டை. பின்னால் குடையோடு பிலோமினா. நேரே கூடத்துக்குள் போய்ப் பலகையின் முன் நின்றார். 1974க்கு நேராக விரலை வைத்தார். விரல் ‘மேகராணி’யைத் தடவிக்கொண்டே போனது.

“கடைசி நூறு மீட்டரு. நான் முன்னாடி இருக்கேன். இது பக்கத்துல வருது. வரும்போது ஒரு தபா திரும்பி என்னப் பாத்துச்சு வாத்தியாரே. சத்தியமா பாத்துச்சு. ‘வரியா’ன்னு கேட்ட மாதிரி. அப்புறம் போச்சு. அப்பிடி ஒரு போக்கை நான் பாத்ததே இல்ல.”

“விதிப்படி அது…”

“அது ஓடி ஜெயிச்சுது. தேதியா ஓடுச்சு? ஒரு நாள் முன்னப் பின்னப் பொறந்ததுக்கு அது இன்னா பண்ணும்? ராத்திரி பூரா யோசிச்சேன். நான் ஜெயிச்சேன்னு இங்க எழுதினா, தெனம் இந்தப் பக்கம் வரும்போது எனக்குத் தெரியும்ல, நான் தோத்தேன்னு.”

பலகையிலிருந்து விரலை எடுத்தார்.

“பலகையில கைய வெக்காத. ஆனா ஒண்ணு கேக்கறேன். ரெண்டாவதா வந்தவன் பேரு எங்கியுமே இல்ல. பலகையில இல்ல, புக்குல இல்ல. அன்னிக்கி நான் ஓடவே இல்லாத மாதிரி இருக்கு. எங்கனா ஒரு மூலையில போடு வாத்தியாரே. ஓடினான்னு போடு. அது போதும்.”

“அப்பா, மூலை இல்லை, பக்கம் கேளு” என்றார் பிலோமினா. குரல் வழக்கம்போல் இல்லை.

மே 6 முதல் மே 17 வரை

ஒருவர் பெயரை மட்டும் போட்டால் சலுகையாகிவிடும். எனவே தொண்ணூற்றொன்பது ஆண்டுகளுக்கும் இரண்டாவதாக வந்த குதிரை, ஜாக்கி. பதிவேட்டில் இல்லாதவற்றைப் பழைய பந்தயப் புத்தகங்களில் தேட வேண்டும். பிலோமினா மாலையில் வந்து படிக்கிறார், நான் எழுதுகிறேன். ‘சிறந்த உதவி’ என்று முன்னுரையில் குறிப்பிடப்போவதாகச் சொன்னேன். “உதவியா? நான் இல்லாட்டி நீங்க 1923லேயே படுத்திருப்பீங்க” என்றார்.

1923இல் இரண்டாவதாக வந்த குதிரையின் பெயர் ‘மாமியார்’. உரிமையாளர் ஒரு துரை. யார் அவருக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தார்களோ. பிலோமினா கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று எழுத நினைத்தேன். சிரித்தேன்.

மே 20

அச்சுப்படியைக் கிருபாகரனிடம் கொடுத்தேன். மேகராணியைப் பற்றிய கட்டுரை நடுப் பக்கத்தில். நடந்தது அத்தனையும், தேதி திருத்தியவர் பெயரோடு. கடைசி வரி: ‘எழுத்தர் சபாபதி இக்கட்டுரையாளரின் தந்தை.’

நின்றுகொண்டே படித்தான். பிறகு உட்கார்ந்து படித்தான்.

“இதைப் போடணுமாடா சிகா? உங்கப்பா பேரு கெடுமே.”

“உங்கப்பா ஜெயிச்ச கப்பும்தான்.”

“கப்பைக் கேட்டா தர முடியாதுப்பா. அதுல அம்மா கரண்டியெல்லாம் சொருகி வெச்சிருக்கா.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “அந்தக் குட்டி இருந்ததாலதான் பண்ணையே பத்து வருஷம் நின்னுச்சு. அப்பா கடைசி வரைக்கும், ‘சபாபதி கைராசி’ம்பார். என்ன ராசின்னு இப்பதான் தெரியுது. போடு. ஒரு எழுத்தையும் எடுக்காதே.”

இப்படிச் சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இருபது நாளாகத் தயாரித்து வைத்திருந்த பதில்கள் அனைத்தும் வீண்.

போகும்போது திரும்பினான். “நீ ஸ்கூல்ல சேர்ந்தது ஞாபகம் இருக்கா? எங்க வீட்டு கேட்டைப் பிடிச்சுக்கிட்டு என்னா அழுகை! ‘கிருபா போறான், நானும் போவேன்’னு. உங்கப்பா உன்னைப் பிச்சு எடுக்க முடியாம நின்னார்.”

அவனுக்கு ஞாபகசக்தி எப்போதும் குறைவு.

மே 21

1970 நோட்டின் ஜூன் பக்கம், பூதக்கண்ணாடி வைத்து வெயிலில் பிடித்தால் படிக்க முடிகிறது என்பதைக் குறிப்பிட வேண்டும். ஏப்ரல் 25 அன்றே வெயில் இருந்தது என்பதையும்.

‘பையன் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. கிருபா போகும் பள்ளிக்குத் தானும் போக வேண்டுமாம். இன்னும் ஐந்து முடியவில்லை, அடுத்த வருடம் என்றால் கேட்கவில்லை. ஜூன் 1 என்று எழுதிக் கொடுத்தேன். வாசலில் விட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினான்.’

இதை எழுதியபின் இருபத்தாறு ஆண்டுகள் உயிரோடு இருந்த மனிதரிடம் ஒருநாள் கேட்டிருக்கலாம்.

இன்று வேறெதுவும் எழுதவில்லை.

ஜூன் 1, சனி

நூறாவது டர்பி. மூடுபனியில் குதிரைகள் கடைசி வளைவில்தான் கண்ணுக்குத் தெரிந்தன. அதற்குள் பாதிப் பேர் தவறான குதிரைக்குக் கத்திவிட்டார்கள்.

சவரிமுத்து மலரை மடியில் வைத்து நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தார். ‘1974. இரண்டாவது: கேப்டன் குட்டி. ஜாக்கி: சவரிமுத்து.’ பக்கத்தில் உட்கார்ந்திருந்த எவரோ ஒரு பெரியவரிடம், “இது நான்” என்றார். அவர் நகர்ந்து போனதும் அடுத்தவரிடம். பந்தயம் ஓடியதை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

மேடையில் கிருபாகரன் எனக்குச் சால்வை போர்த்தி, மைக்கில், “இன்னைக்கு இவருக்குப் பிறந்தநாளும்கூட!” என்றான். கூட்டம் கை தட்டியது.

மைக்கை வாங்கி, “இன்று இல்லை” என்றேன். “ஆகஸ்ட் பன்னிரண்டு. ஜூன் ஒன்று என்று எழுதச் சொன்னது நான்தான்.”

யாருக்கும் புரியவில்லை. மூன்றாவது வரிசையில் ஒருவர் மட்டும் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மலரின் அட்டையில் எதையோ குறித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மழை. பிலோமினா காலை பத்து மணிக்கே கழகத்துக்கு வந்து ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தார். சட்டை. அளவே எடுக்காமல் தைத்தது, ஆனால் சரியாக இருக்கிறது. வெளியே சாதாரணச் சாம்பல் நிறம். காலரைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே மஞ்சளும் ஊதாவும், கேப்டன் குட்டியில் ஏறியபோது சவரிமுத்து அணிந்த ஜாக்கிச் சட்டையின் பட்டு. பொத்தான்களை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் தொங்கவில்லை.

ஐம்பத்துநான்கு வயதில் பட்டுக் காலர் எதற்கு, எனக்கான பந்தயம் எப்போதோ முடிந்துவிட்டது என்றேன்.

“டர்பி மட்டும்தான் சார் மூணு வயசுக்கு. நாலு வயசுக்கு மேல ஓடுறதுக்கு எத்தனை பந்தயம் இருக்குன்னு நீங்கதான அந்தப் புத்தகத்துல எழுதினீங்க? எத்தனை?”

ஞாபகமில்லை என்றேன். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

எடுத்துப் பார்த்தேன். ஒரு பருவத்துக்கு நாற்பத்தாறு.

ஓர் ஐயம். நாளை போக வேண்டும்.